நடக்காத கும்பாபிஷேகம்: யாழ்ப்பாண நூலகமும் போர்க்கால மேயர் நாற்காலியும்

1981இல் எரிக்கப்பட்டு மறுபடி கட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் திறப்பு விழாவுக்கு 2003 பிப்ரவரி 14 என்று நாள் குறித்தது மேயர் செல்லன் கந்தையன் தலைமையிலான மாநகர சபை. விழா நடக்கவில்லை. விடுதலைப் புலிகள் எதிர்த்தார்கள். தள்ளிப்போடச் சொல்லி அழுத்தம் வந்தது. மேயரும் உறுப்பினர்கள் அனைவரும் அதைக் கண்டித்துப் பதவி விலகினார்கள். பிறகு ஆரவாரம் எதுவுமில்லாமல் நூலகம் வாசகருக்குத் திறந்துவிட்டது.

இதற்கு இரண்டு விளக்கங்கள் வழக்கில் உள்ளன. முதலாவதை நினைவு வாசிப்பு என்று அழைக்கிறேன். 1981இல் கருகிய சுவருக்கு வெள்ளை அடிப்பது எரித்தவர்களின் குற்றத்துக்கும் வெள்ளை அடிப்பதுதான், ஆகவே அந்த எதிர்ப்பு மறதிக்கு எதிரான எதிர்ப்பு என்பது அதன் சாரம். இரண்டாவது சாதி வாசிப்பு. செல்லன் கந்தையன் ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்த மேயர்; ஊரின் பெருமைச் சின்னத்தை அவர் திறந்துவைப்பதை மேல்சாதி மனம் ஏற்கவில்லை; அந்த மனத்துக்கு ஆயுதம் துணைபோனது என்பது அதன் வாதம். முதல் வாசிப்பு காலவரிசையோடு ஒட்டவில்லை. இரண்டாவது உண்மைக்கு அருகில் வந்து, ஒரு படி முன்னால் நின்றுவிடுகிறது. அன்று மறிக்கப்பட்டது கட்டடமன்று, மேயரின் சாதி மட்டும் அன்று. மேயர் என்ற பதவி. இதை நிறுவ முயல்வதே இக்கட்டுரை.

சொல் பற்றி ஒரு குறிப்பு. இலங்கையின் அலுவல் தமிழில் இப்பதவிக்கு மாநகர முதல்வர் என்று பெயர். தஞ்சைப் பக்கத்தில் உட்கார்ந்து முதல்வர் என்று எழுதினால் வாசகர் கோட்டைக்குப் போய்விடுவார். ஆகவே இரு கரையிலும் பேச்சில் புழங்கும் மேயர் என்ற சொல்லையே கையாள்கிறேன்.

திருப்பணியும் அழைப்பிதழும்

மன்னார்குடி வட்டாரத்தில் கோயில் திருப்பணிகளை அருகிருந்து பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். எங்கள் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் கோபுரத்துக்குச் சாரம் கட்டி ஆறு வருஷம் ஆகியிருந்தது. மூங்கில் வெளுத்து, கயிறு இற்று, இரண்டு முறை மாற்றிக் கட்டினார்கள். செங்கல் யார் கொடுத்தது, சிமென்ட் யார் கொடுத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கொடுத்தவர் எந்தக் கட்சி, எந்தத் தெரு என்பதும் பேச்சாகவில்லை. கும்பாபிஷேக அழைப்பிதழின் மெய்ப்பு அச்சகத்திலிருந்து வந்த அன்று சாயங்காலம்தான் சண்டை தொடங்கியது. முன்னிலை யார், தலைமை யார், பரிவட்டம் யாருக்கு, கல்வெட்டில் எந்தப் பெயர் மேலே? ஆறு வருஷம் ஒன்றாகக் கல் சுமந்தவர்கள் ஒரு தாளின் நான்கு வரிக்காக வட்டாட்சியர் அலுவலகம் வரை போனார்கள்.

இதைக் கதையாகச் சொல்லவில்லை, அளவுகோலாகச் சொல்கிறேன். திருப்பணியில் எழும் எதிர்ப்பு கட்டடத்தைப் பற்றியது. அழைப்பிதழில் எழும் எதிர்ப்பு அதிகாரத்தைப் பற்றியது. யாழ்ப்பாணத்தில் மறிப்பு எந்தக் கட்டத்தில் விழுந்தது என்பதே நம் முதல் கேள்வியாக வேண்டும். இதுவரை எழுதியவர்கள் பெரும்பாலும் அந்தக் கேள்வியைத் தாண்டி நேரே காரணத்துக்குப் போய்விட்டார்கள்.

சந்திரிகா அரசு தொடங்கிய 'புத்தகமும் செங்கல்லும்' இயக்கத்தின் வழியே 1998 முதல் நூலகத்தின் மறுகட்டுமானம் நடந்தது. 2001க்குள் கட்டடம் எழுந்துவிட்டது. 25,000க்கு மேற்பட்ட நூல்களும் சேர்ந்திருந்தன. நினைவு வாசிப்பு சரியானால் எதிர்ப்பின் உச்சம் இந்த ஆண்டுகளில் இருந்திருக்க வேண்டும். கருகிய சுவரின்மேல் முதல் கொத்துச் சாந்து விழுந்தபோதே நினைவு அழிந்துவிட்டது. 2003 பிப்ரவரியில் அழிக்க என்ன மிச்சம் இருந்தது?

போர்நிறுத்தத்துக்கு முன்பு நகரம் இராணுவத்தின் கையில் இருந்தது, அப்போது யார் வாய்திறந்து எதிர்க்க முடியும் என்று கேட்கலாம். 2002 பிப்ரவரி 22 உடன்பாட்டுக்குப் பிறகு புலிகளின் அரசியல் பிரிவு நகரத்திலேயே அலுவலகம் வைத்து இயங்கியது. அதன் பிறகும் மறிப்பு உச்சத்துக்கு வந்தது திறப்பு நாள் நெருங்கியபோதுதான். இந்த ஆட்சேபத்துக்கு இதற்குமேல் இடம் தர வேண்டியதில்லை.

கழித்துப் பார்த்தல்

வலுவான சான்று வேறிடத்தில் இருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்ததாலேயே யாரும் அதைச் சான்றாக எடுத்துக்கொள்ளவில்லை. நூலகம் பின்னர் திறந்தது என்பதுதான் அது.

2003 பிப்ரவரி 14 அன்று திறக்கவிருந்த நூலகத்தையும், பின்னர் சத்தமில்லாமல் திறந்த நூலகத்தையும் அருகருகே வைத்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்ப்போம். சுவர் அதே சுவர். வெள்ளை அதே வெள்ளை. நடுவிலுள்ள குவிமாடமும், கொழும்பு வழியாக வந்த பணமும், தெற்கிலிருந்து வந்த நூல்களும் மாறவில்லை. எரிந்த பகுதியை நினைவுச் சின்னமாகப் பிரித்து வைப்பதற்காகக் கட்டடத்தில் எதுவும் இடிக்கப்படவில்லை. மறதிக்கு எதிரான எதிர்ப்பு என்றால் அதற்குத் தேவையான ஒரு செங்கல்கூடப் பெயர்க்கப்படவில்லை. கழித்தபின் மிஞ்சுவது விழா. விழாவில் திறந்துவைக்கும் உரிமை. அந்த உரிமையை உடைய சபையும் அதன் தலைவரும்.

இரண்டு திறப்புகளுக்கும் இடையில் அரசியல் சூழல் மாறியிருக்கலாம், ஆகவே ஒப்பீடு தூய்மையானதன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். வரலாற்றில் தூய்மையான கழித்தல் எங்கும் கிடைக்காது. ஆனாலும் கட்டடத்தின்மீது உண்மையான மனக்குறை இருந்திருந்தால் அது கட்டடத்தில் ஏதாவதொரு தடத்தை விட்டிருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயம். அந்தத் தடம் இல்லை.

1980களின் அனுபவமும் நினைவு வாசிப்புக்கு உதவவில்லை. 1982இல் ஊர் மக்களே நூலக வாரம் நடத்தி ஆயிரக்கணக்கான நூல்களைத் திரட்டினார்கள். 1984க்குள் நூலகத்தைப் புதுப்பித்தார்கள். 1985இல் படையினர் புகுந்து மறுபடி வெடிவைத்துச் சிதைத்தார்கள். முதல் தீக்குப் பிறகு யாழ்ப்பாணத்தின் முதல் எதிர்வினை நூலகத்தை மீண்டும் பயன்படுத்துவதாகவே இருந்தது. இடிபாட்டைக் காப்பது மட்டுமே தமிழ் நினைவின் இயல்பு என்று எழுதுவோர் அந்த நூலக வாரத்தை மறந்துவிட்டுத்தான் எழுத முடியும்.

ஹிரோஷிமா யாருக்குச் சான்று?

நினைவு வாசிப்பினர் அடிக்கடி எடுத்துவைக்கும் ஒப்பீடு ஹிரோஷிமாவின் அணுகுண்டுக் குவிமாடம். அங்கே இடிபாட்டைக் காத்தார்கள், இங்கே மூடிவிட்டார்கள் என்பார்கள். ஒப்பீட்டை ஏற்கிறேன். அதை முழுக்கப் படித்தால் அது அவர்களுக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது.

1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவின் போர்க்கால மேயர் அவாயா சென்கிச்சி இறந்துபோனார். அன்று அதே மாநகராட்சியில் பங்கீட்டுப் பொறுப்பில் இருந்த அலுவலர் ஹமாய் ஷின்சோ. சாம்பலான ஊரில் பிழைத்தவர்களுக்குச் சாப்பாடு சேர்ப்பதுதான் அவருடைய மறுகட்டுமானப் பணியின் தொடக்கம். 1947இல் மக்கள் வாக்கால் அவர் மேயரானார். 1949இல் ஹிரோஷிமாவை அமைதி நினைவு நகரமாகக் கட்டியெழுப்பத் தனிச் சட்டம் வந்தது. 1955இல் தோற்று, 1959இல் மீண்டும் வென்று, 1967 வரை பதவியில் இருந்தார். குவிமாடத்தை இடிப்பதா காப்பதா என்ற வழக்கு ஏறத்தாழ இருபது ஆண்டு இழுத்தது. 1966 ஜூலையில் நகர சபை கூடி, காப்பது என்று தீர்மானித்தது. நாடு முழுக்க நன்கொடை திரட்டி மறு ஆண்டு இடிபாட்டை வலுப்படுத்தினார்கள்.

அந்த இடிபாட்டைக் காத்தது தேர்ந்தெடுக்கப்பட்ட சபை. நகர சபைக்கு வெளியிலிருந்து வந்த எந்த அதிகாரமும் அதன் கையைப் பிடித்து நிறுத்தவில்லை. காக்கலாம், இடிக்கலாம், புதுப்பிக்கலாம்; எதுவானாலும் தீர்மானிக்கும் உரிமை ஊர் தேர்ந்த சபைக்கு இருந்தது. தீயிலிருந்து தீர்மானம் வரை ஹிரோஷிமாவுக்கு 21 ஆண்டு ஆனது. யாழ்ப்பாணத்துக்கு 22. கால அளவு கிட்டத்தட்ட ஒன்றே. இரண்டையும் பிரிப்பது, 22ஆம் ஆண்டில் முடிவெடுக்கும் நாற்காலி யாருடையதாக இருந்தது என்பதுதான்.

யாருடைய நூலகம்?

இங்கே மன்னார்குடிக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. 1931இல் மன்னார்குடியை ஒட்டிய மேலவாசலிலிருந்து எஸ். வி. கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். அதற்குத் துணைநின்றவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். நூல் பூட்டி வைப்பதற்கன்று, பயன்படுவதற்கு என்பதை நூலகவியலின் முதல் விதியாக அவர் வைத்த ஆண்டும் அதுவே. யாழ்ப்பாணத்தில் கே. எம். செல்லப்பா தம் முயற்சியால் ஒரு நூலகத்தைத் தொடங்கி, 1934இல் வாடகை அறையில் நடத்தினார். இரண்டும் தனிமனிதர்களின் நல்லெண்ணத்தில் பிறந்தவை. பிறகு வழி பிரிந்தது. செல்லப்பாவின் நூலகம் 1935 ஜனவரி 1 அன்று நகர சபையின் கைக்குப் போனது. சபை 1949இல் மாநகர சபையாகி, சாம் சபாபதி முதல் மேயரானார். பெரிய கட்டடத்துக்கான ஆலோசனைக்கு அதே ரங்கநாதனை அழைத்தார்கள். சென்னையிலிருந்து வந்த கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைபடம் தந்தார். 1954இல் அடிக்கல் நாட்டி, 1959 அக்டோபர் 11 அன்று திறந்தார்கள். திறந்தவர் மேயர் ஆல்பிரட் துரையப்பா.

இதிலிருந்து நான் பெறும் முடிவு எளியது. யாழ்ப்பாண நூலகம் தமிழினத்தின் சின்னம் என்று பிற்காலத்தில் ஆனது. 1935இலிருந்தே அது உள்ளூராட்சியின் சொத்து. அதைத் திறப்பது மேயரின் வேலை. 1959இல் அப்படித்தான் நடந்தது. 2003இல் கந்தையன் செய்ய முயன்றது புதுமையன்று, மரபு. சின்னம் என்ற சொல் பெருக்கப் பெருக்கச் சொத்து என்ற சொல் தேய்ந்தது. இனத்தின் சின்னம் என்றால் இனத்தின் பெயரால் பேசுபவர் யாரும் அதற்கு உரிமை கோரலாம். சபையின் சொத்து என்றால் அந்த வாசல் அடைபட்டுவிடும்.

நாற்காலியில் அமர்ந்தவர்கள்

துரையப்பாவின் பெயரை எழுதியவுடன் அடுத்த வரி தானே வந்துவிடுகிறது. அவர் மீண்டும் மேயராக இருந்தபோது, 1975 ஜூலை 27 அன்று, பொன்னாலை வரதராசப் பெருமாள் கோயிலில் சுட்டுக்கொல்லப்பட்டார். பின்னாளில் புலிகளின் தலைவரான பிரபாகரன் பங்கேற்ற கொலை அது. இயக்கத்தின் கதை அங்கிருந்துதான் சொல்லப்படுகிறது. நூலகத்தை முதலில் திறந்தவரே முதலில் வீழ்ந்தார் என்ற பொருத்தத்திலிருந்து நான் எந்தச் சதியையும் பின்னவில்லை. ஆனால் யாழ்ப்பாண மேயர் என்ற நாற்காலி ஆயுத அரசியலின் பார்வையில் தொடக்கத்திலிருந்தே வெறும் நாற்காலியாக இல்லை என்பதை இது காட்டுகிறது.

1998 ஜனவரியில், பதினைந்து ஆண்டுக்குப் பிறகு, மாநகர சபைக்குத் தேர்தல் நடந்தது. சரோஜினி யோகேஸ்வரன் மேயரானார். அந்நகரின் முதல் பெண் மேயர். கணவர் யோகேஸ்வரன் யாழ்ப்பாண நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர்; 1989இல் கொழும்பில் தமிழர் விடுதலைக் கூட்டணித் தலைவர் அமிர்தலிங்கத்தோடு கொல்லப்பட்டார். நூலகம் எரிந்த அதே 1981 நாட்களில் இவர்களுடைய வீடும் எரிக்கப்பட்டது. நினைவு வாசிப்பு எழுதுவோர் இந்த ஒரு தகவல்மேல் சற்றே நிற்கக் கூடாதா? 1998இல் நூலகத்தை மறுபடி கட்டும் நகரத்தின் தலைமையில் இருந்தவர் அந்தத் தீயைத் தொலைவிலிருந்து அறிந்தவரல்லர். தம் வீட்டுச் சாம்பலை மிதித்தவருக்கு மறதியைக் கற்றுத்தர யாரும் தேவையில்லை. 1998 மே 17 அன்று அவரை வீட்டிலேயே சுட்டுக்கொன்றார்கள்.

அடுத்து வந்தவர் பொன். சிவபாலன். செப்டம்பர் 11 அன்று மாநகர சபை அலுவலகத்தில் வெடித்த குண்டில் இறந்தார். அன்றைய கூட்டம் நகரப் போக்குவரத்தைச் சீர்படுத்துவது பற்றியது. எந்தத் தெருவை ஒருவழியாக்குவது, பஸ் எங்கே நிற்பது என்று மேசைமேல் தாள் விரித்துப் பேசும் வேலை. இரு கொலைகளுக்கும் பழி பரவலாகப் புலிகள்மீதே சுமத்தப்பட்டது. பின்னர் மேயரான நடராஜா ரவிராஜ் நாடாளுமன்றம் சென்று, 2006 நவம்பர் 10 அன்று கொழும்பில் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் பழி மறுதரப்பின்மீது விழுந்தது. 2016இல் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டோரை விடுவித்தது. ரவிராஜுக்குப் பின் நாற்காலிக்கு வந்தவர்தான் செல்லன் கந்தையன்.

சாதி வாசிப்பின் போதாமை இந்த வரிசையில் தெரிகிறது. துரையப்பா, சரோஜினி, சிவபாலன் ஆகியோருக்கு நேர்ந்ததைச் சாதியால் விளக்க முடியாது. அவர்களுக்கு நேர்ந்ததற்கும் கந்தையனுக்கு நேர்ந்ததற்கும் பொதுவாக இருப்பது பதவி. மேலும் 2003இல் விலகியவர் கந்தையன் மட்டுமல்லர், சபையினர் அனைவரும். மறிப்பு ஓர் ஆள்மீது விழுந்திருந்தால் அந்த ஆளை மட்டும் ஒதுக்கிவிட்டு விழாவை நடத்தும் வழி சபைக்கு இருந்தது. சபை அந்த வழியை எடுக்கவில்லை.

இதனால் சாதியை ஓரங்கட்டுகிறேன் என்று எண்ண வேண்டாம். 1968இல் ஆலய நுழைவுப் போராட்டத்தின்போது மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்ததை அறிந்த எவரும் யாழ்ப்பாணத்தில் சாதி ஓய்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டார். நான் சொல்வது காரணத்தின் இடம் பற்றி. மறிப்பை விளக்கப் பதவி போதும். மறிக்கப்பட்ட மேயருக்காக ஊர் எவ்வளவு பேசியது, எவ்வளவு பேசாமல் இருந்தது என்பதை விளக்கும்போதுதான் சாதி இன்றியமையாததாகிறது. இரண்டு கேள்விகளையும் ஒன்றாகக் குழைத்ததே சாதி வாசிப்பின் பிழை. அதன் அறச் சினத்தில் பிழையில்லை.

பதவி விலகலைப் படிப்பது

ஆகவே இந்த நிகழ்வின் மையச் சான்று சபையினரின் கூட்டு விலகல். அதைத் தோல்வியாகவே எல்லோரும் படிக்கிறார்கள்: அழுத்தம் வந்தது, பணிந்தார்கள், போனார்கள். விலகல் பணிவாக இருக்கலாம், மறுப்பாகவும் இருக்கலாம். பணிவதற்கு எளிய வழி தேதியை மாற்றுவது. இன்னும் எளியது, விழாவைக் கைவிட்டு நாற்காலியைக் காப்பது. சபை இரண்டையும் செய்யவில்லை. திறக்கும் உரிமை இல்லாத மேயர் நாற்காலி எங்களுக்கு வேண்டாம் என்பதே அந்த விலகலின் பொருளாக எனக்குப் படுகிறது.

உட்கட்சிப் பூசல்தான் காரணம் என்ற ஒரு விளக்கமும் உண்டு. மேயரின் கட்சியான தமிழர் விடுதலைக் கூட்டணி அப்போது தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் உறுப்புக் கட்சி. பிற்பாடு வெடித்த பிளவை முன்கூட்டி இழுத்துவந்து பிப்ரவரிமீது ஒட்டுவது காலக் குழப்பம். அதே கூட்டமைப்பைச் சேர்ந்த மேயரின் சபைக்கே இந்த உரிமை மறுக்கப்பட்டது என்பது என் வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது. போர்ச் சூழலில் நடந்த 1998 தேர்தலுக்கு என்ன பெறுமதி என்ற கேள்வியும் வரும். மெலிந்த ஆணை என்றே வைத்துக்கொள்வோம். மெலிந்த ஆணையால் சொத்து கைமாறிவிடாது. அந்தச் சபையின் ஆயுளே முடியும் தறுவாயில்தானே இருந்தது என்பார்கள். முடியும் தறுவாயில் இருக்கும் சபைக்குத்தான் கடைசிப் பணி என்று ஒன்று உண்டு.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். போரில் யாழ்ப்பாண நகர மண்டபம் அழிந்துபோனது; மாநகர சபை நல்லூரில் தற்காலிக இடத்தில் இயங்கியது. கோயில் பாஷையில் சொன்னால், பாலாலயத்தில் இருந்த சபை அது. நகர மண்டபமில்லாத சபைக்கு ஊரறிய ஒன்றைச் செய்துகாட்ட மிஞ்சியிருந்த ஒரே பெரிய வாசல் நூலக வாசல். அதுவும் அடைபட்டது. விலகலுக்குப் பின் யாழ்ப்பாண மாநகருக்குத் தேர்தல் வந்தது 2009 ஆகஸ்டில், போர் முடிந்த பிறகு. இடைப்பட்ட ஆறு ஆண்டும் நூலகம் இருந்தது, தேர்ந்தெடுத்த சபை இல்லை. நினைவு பற்றிய சர்ச்சையாக 2003ஐப் படிப்பவர்களின் கணக்கில் இந்த ஆறு ஆண்டுக்கு இடமே கிடையாது. பதவி பற்றிய சர்ச்சையாகப் படித்தால் அதுவே அதன் நேரடி விளைவு.

என் வாசிப்பு இறுதியானது என்று சொல்லவில்லை. ஆனால் யாழ்ப்பாண மேயர்களைத் துரோகி, தியாகி, தலித் அடையாளம் என்ற மூன்று தட்டில் ஏதேனும் ஒன்றில் வைத்து நிறுக்கும் வழக்கம் போதும் என்று நினைக்கிறேன். ஹமாய் பங்கீட்டு அலுவலராகத் தொடங்கியதை ஜப்பானிய வரலாறு மறைப்பதில்லை. நம் மேயர்களையும் அவர்கள் பார்த்த வேலையிலிருந்து எழுதத் தொடங்கலாம். சிவபாலன் இறந்த அன்று மேசைமேல் இருந்தது போர்நிறுத்தத் திட்டமன்று, பஸ் எங்கே நிற்க வேண்டும் என்ற தாள்.